ஒரு தடவை அமுக்கினால் ஏழு

வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ரேடியோ, மிக்ஸி பழுது பார்க்கும் மெக்கானிக், இனி நாற்காலியை விட்டு எழாமலே மாமியாரைக் கவனித்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து ஒரு மாதமாகப் படுக்கை. மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. லீவு தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அம்மாவை யாருங்க பாத்துக்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? அப்படி என்ன வேலை? ரெண்டு டம்ளர் தண்ணி. அவங்க கூப்பிடறதுக்கும் மெஷின் பண்ணிட்டேன்."

மாமியார் கட்டிலில் ஒரு பொத்தான், மெக்கானிக்கின் மேஜையில் புரோகிராம் எழுதி ஓட்டும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஒரு மணி. பக்கத்தில் சின்னத் திரை. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு எண் கூடும். 'அம்மா ஓயாம கூப்பிடறாங்க' என்ற மனைவியின் புலம்பலை ஆதாரத்தோடு முறியடிக்கத்தான் அந்தத் திரை.

ஞாயிறு காலை மாமியார் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

"தானா அடிக்கற மணியை நம்பி நான் எப்படிப் போவேன்? நாலு தடவை ஏமாந்தா, அம்மா நிஜமா விழற அன்னைக்கு நீங்க எழுந்திருக்கவே மாட்டீங்க. நான் வேலைக்குப் போகலை" என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. போர்டைப் புரட்டினார். பொத்தானை அமுக்காதபோது அதிலிருந்து வரும் கம்பிக்குப் பிடிமானமே இல்லை. காற்றில் வரும் மின் இரைச்சலையெல்லாம் அழைப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு ரெசிஸ்டர் வைத்துக் கட்டிப்போட்டார். மணி அடங்கியது.

"அத்தை, இப்ப ஒரு தடவை அமுக்குங்க."

திரையில் ஏழு.

"ஒரே தடவை, அத்தை! கை நடுங்குது பாருங்க."

"என் கை நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. உங்க மெஷினுக்குத்தான் குளிர்ஜுரம்."

பொத்தானை மாற்றினார். ஐந்து. வயரை மாற்றினார். ஒன்பது. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்:

"அமுக்கினதும் உள்ளே என்ன ஆகுது?"

"தகடு தொட்டதும் துள்ளும். நமக்கு ஒரு தொடல், இதுக்கு ஏழு."

"நீங்க ஸ்க்ரூடிரைவரைக் காணோம்னா 'ஏம்மா ஏம்மா'ன்னு ஏழு தடவை கத்தறீங்க. நான் என்ன ஏழு தடவையா ஓடி வரேன்? முதல் சத்தத்தை எடுத்துக்குவேன். நீங்க அடங்கற வரைக்கும் மத்தது காதுலயே ஏறாது."

மெக்கானிக் வாய் பிளந்தார். 'முதல் தொடலை எடுத்துக்கொள். அது அடங்கும்வரை மற்றதைக் கேட்காதே' என்று புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தார். அமுக்கினால் ஒன்று. பத்து தடவை அமுக்கினால் பத்து.

"நிச்சயமா?" என்றாள் மனைவி.

"சத்தியமா. இனி இது ஒண்ணைக்கூடக் கூட்டிச் சொல்லாது."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

திங்கட்கிழமை மனைவி வேலைக்குப் போனதும் மணி அடித்தது. தண்ணீர். அடித்தது. ஜன்னலைச் சாத்த வேண்டும். அடித்தது. ஜன்னலைத் திறக்க வேண்டும். கண்ணாடியைக் காணோம், தலையணைக்கு அடியில் இருந்தது. ஒரே ஒரு மிக்ஸியை அவர் காலையிலிருந்து கழற்றிக்கொண்டே இருந்தார்.

மாலையில் மனைவி வந்து திரையைப் பார்த்தாள். முப்பத்தெட்டு.

"சுவிட்ச்ல ஏதோ கோளாறு..." என்று ஆரம்பித்தவர், நாள் முழுதும் எழுந்து எழுந்து நடந்த முழங்கால் வலித்ததால் நிறுத்திக்கொண்டார். அத்தனையும் நிஜம். "ஒரு மாசமா மணிகூட இல்லாம எப்படிம்மா சமாளிச்சே?"

"நீங்க கூப்பிட்டதை இதுல சேர்க்கலை" என்று சிரித்தாள் அவள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தி வாய்த்ததற்கு என்ன கைம்மாறு செய்வது? "உனக்கு என்ன வேணும்னாலும் கேளு, இப்பவே செஞ்சு தரேன்."

"பெரிசா ஒண்ணும் வேணாங்க. அதே மாதிரி இன்னொரு பொத்தான் போதும்."

நன்றியோடு அவள் காட்டிய இடத்திலேயே பொருத்தி, வயரை இழுத்து, சோதித்து, வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

மணி அடித்தது, அழைப்பு சமையலறையிலிருந்து. திரையில் சரியாக ஒன்றுதான் கூடியிருந்தது.