மணல்மேடும் மச்சானின் சாய்வு நாற்காலியும்

என் கண்ணுக்கு மணியான மருமகளுக்கு, உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். கடலும் சுகம், கொஞ்சம் அதிகப்படியான சுகம். இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது. நீயும் நம்ப வேண்டாம். ஆனால், எங்களிடம் விட்டுவைத்த சாய்வு நாற்காலியை எடுத்துப்போக ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் உன் அப்பாவை மட்டும் எப்பாடுபட்டாவது நம்பவைத்துவிடு.

ஓடை கடலில் கலக்கிற இடத்தில், எங்கள் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே காவல் நின்ற மணல்மேட்டைப் போன புயல் நக்கித் தின்றுவிட்டது அல்லவா, அதைத் திரும்ப வளர்க்க ஒரு மேற்பார்வையாளர் அம்மா ஆட்களோடு வந்து இறங்கினார். மேடு வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதைவிடச் சுலபமாம்; வரிசையாக மூங்கில் தட்டி நட்டால் காற்றில் வரும் மணல் அதில் முட்டித் தானே குவியும், குவிந்ததும் புல் நட்டால் வேர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் சரி, கடைசியில் ஒரு தட்டி குறைந்துவிட்டது. அந்தச் சந்து வழியாகக் காற்று மணலை அள்ளி நேரே எங்கள் அடுப்படிக்குள் கொட்டியது. உன் அத்தை துடைப்பத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உலக நன்மை கருதி உன் அப்பாவின் நாற்காலியைச் சந்தில் போட்டு, பாரத்துக்கு நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் தூங்குவது நம் குலவழக்கம். கண் விழித்தால் கழுத்துவரை மணல்! தலையில் ஒரு பறவை குஞ்சு பொரித்து, அவற்றுக்குப் பறக்கவும் சொல்லிக்கொடுத்து முடித்திருந்தது. தூரத்தில் ஒரு கப்பல் என் வழுக்கையைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணித் திசை திருப்பியது. எழப்போனேன்.

"ஐயோ சார், அசையாதீங்க! இப்பத்தான் மேடு நிக்குது!" என்று அலறினார் மேற்பார்வையாளர்.

"அப்ப நான் சாப்பிட வேண்டாமா?"

"புல்லு வேர் பிடிக்கிறவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார்."

உன் அத்தை காப்பாற்றுவாள் என்று பார்த்தேன். "இருக்கட்டும்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்னிக்குத்தான் இந்த மனுஷன் ஒரு எடத்துல உருப்படியா இருக்காரு. தலையிலயும் நாலு புல்லு நட்டுவிடுங்க, அங்கதான் காலியா கெடக்கு" என்றாள்.

கடைசியில் ஒரு திமிங்கலம்தான் மனமிரங்கிக் கரையேறி வந்து, என்னை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, கூலியாக நாற்காலியை முதுகில் ஏற்றிக்கொண்டு கம்பீரமாகப் போய்விட்டது. திருப்பிக் கேட்கலாம் என்றால் உன் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. ஆகவே அவர் வீண் அலைச்சல் பட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்.

நீ நோய்நொடி இல்லாமல், என்னைப்போல் அறிவோடும் உன் அத்தையைப்போல் முடியோடும் நீடூழி வாழ்க.

உன் அன்பு மாமன்.

பி.கு.: ஒட்டப்போன கடிதத்தை உன் அத்தை பிடுங்கிப் படித்துவிட்டாள். "பெத்த பிள்ளை மாதிரி இருக்கிறவகிட்டயும் புளுகணுமா?" என்கிறாள். சரி. திமிங்கலம் பொய், கப்பல் பொய், பறவை பொய். நான் புதைந்ததும் பொய். காற்று பலத்ததும் நாற்காலியை அம்போவென்று விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். ஆனால் நாற்காலிமேல் மணல் ஏறி, புல் வேர்விட்டது மட்டும் சத்தியம். போன வாரம் கடல் பொங்கியபோது அலையை வாசலுக்கு வராமல் மறித்ததும் அந்த இடம்தான். தோண்டினால் மேடு போகும், பின்னாலேயே வீடும் போகும். ஒரே ஒரு கைப்பிடி வெளியே தெரிகிறது. அதில் உன் அத்தை 'மேட்டின் மீது ஏறாதீர்கள்' என்ற பலகையை மாட்டி வைத்திருக்கிறாள். உன் அப்பாவை அதைத் தூரத்தில் நின்றே படிக்கச் சொல்.