இடிவர்மனின் ஒன்பதாம் லெவல்

வீரன் ஆவதற்கு வீரம் தேவையில்லை, தவறாமல் வந்து உட்கார்ந்தால் போதும் என்று பத்தொன்பது வயது வரை மனதார நம்பியவன் நான். அந்த நம்பிக்கை மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓர் எலியால் போனது.

என் நண்பன் டேவிட்டின் பெரியப்பா மகன் ஃப்ராங்க்ளின் அண்ணன். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தவர், ஒரு லீவில் விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனையோ வைத்தியரையோ வைத்துக்கொண்டு, ‘என் ஆள் கதவை உடைக்கிறான்’, ‘என் ஆள் ஓடுகிறான்’ என்று சொல்ல வேண்டும். கதவு உடைந்ததா இல்லையா என்று பகடை தீர்மானிக்கும். (இருபது முகம் உள்ள பகடை. அதைப் பார்க்கவே தெருப் பையன்கள் வருவார்கள்.) சாகசம் செய்யச் செய்ய உங்கள் ஆளுக்கு அனுபவம் சேரும், சேர்ந்தால் அடுத்த லெவல். பத்தாம் லெவல் ஆள் டிராகனோடு மோதலாம். முதல் லெவல் ஆள் பூனையிடம்கூட மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும்.

கதை சொன்னது டேவிட். லெவல் கொடுப்பதும் அவன் கையில். முதல் மாதமே தன் தங்கை ஷீலாவின் வைத்தியச்சிக்கு இரண்டாம் லெவல் கொடுத்துவிட்டான். எங்களோடு ஆடிய பம்மல் பாபு விடவில்லை.

“தங்கச்சின்னா ஒடனே லெவலா? நல்லா கீதுடா உன் நியாயம்.”

சத்தத்தில் மதியத் தூக்கம் கலைந்து டேவிட்டின் அப்பா வந்தார். ரயில்வே ஆபீசில் வேலை, யூனியனிலும் பெரிய ஆள். வழக்கை முழுதாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“மேனேஜ்மென்ட் இஷ்டத்துக்கு ப்ரமோஷன் குடுத்தா, அது ஜால்ரா போடறவனுக்குத்தான் போகும். சர்வீஸ் பாத்துக் குடுங்கப்பா.”

அன்றிலிருந்து அதுதான் சட்டம். மாதம் முழுக்கத் தவறாமல் வந்தவனுக்கு ஒரு லெவல். செத்துப்போனவன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இது எனக்காகவே போட்ட சட்டம். நான் ஓட்டலில் இன்னொரு கரண்டி சட்னி கேட்கக் கூச்சப்பட்டு வெறும் இட்லியை விழுங்கியவன். கண்டக்டரிடம் ‘இறங்கணும்’ என்று சொல்ல வாய் வராமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தவன். என் வீரனின் பெயர் மட்டும் இடிவர்மன். முதல் சாகசத்தில் குகை வாசலில் நின்று டேவிட் ஒவ்வொருவரையும் கேட்டான். என் முறை வந்தபோது சொன்னேன்:

“நான் குதிரைங்களைப் பாத்துக்கறேன்.”

அதுவரை யாரிடமும் குதிரை இல்லை. டேவிட் நல்லவன், எனக்காக எல்லாருக்கும் ஆளுக்கொரு குதிரை கொடுத்தான்.

அதற்குப் பிறகு கோட்டை, கல்லறை, சுரங்கம் என்று எங்கே போனாலும் நான் வாசலில்தான். பாபுவின் வீரர்கள் வாரம் ஒருவராகச் செத்தார்கள். ஷீலாவுக்குப் பல ஞாயிறுகளில் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி, அதனால் இரண்டிலேயே நின்றாள். இடிவர்மனோ வாளை விற்றுப் புல்லும், குதிரை தேய்க்க ஒரு பிரஷும் வாங்கிவிட்டு ஒன்பதாம் லெவலைத் தொட்டுவிட்டான். அந்த நாட்களில் தாம்பரம் பிளாட்பாரத்தில் நான் நடந்த நடையே வேறு.

ஒரே குறை, ஷீலா என்னை ‘அண்ணா’ என்று கூப்பிட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று வெளியே சொல்லவும் தைரியமில்லை. ஒன்பதாம் லெவல் ஆளை எத்தனை நாளைக்கு அண்ணா என்பாள் என்று காத்திருந்தேன். (அதுவும் சர்வீஸில் மாறிவிடும் என்று கணக்கு.)

அந்த நேரத்தில்தான் ஃப்ராங்க்ளின் அண்ணன் மறுபடி லீவில் வந்தார். “இன்னிக்கு நான் கதை சொல்றேன்” என்று உட்கார்ந்தார். அவர் சொன்ன குகையில் கன்றுக்குட்டி அளவுக்கு ஓர் எலி இருந்தது. பாபுவின் ஆள் வழக்கம்போல முதலில் விழுந்தான். அன்று எங்களோடு ஆட உட்கார்ந்த டேவிட்டின் ஆள்மேல் பாறை சரிந்தது. ஷீலாவின் வைத்தியச்சி மட்டும் மூலையில், எதிரே எலி. அப்போது பார்த்து எலெக்ட்ரிக் ட்ரெயின் போனது. தண்டவாளத்தை ஒட்டிய வீடு, ட்ரெயின் போகும்வரை யார் பேசினாலும் கேட்காது. எலியும் காத்திருந்தது. சத்தம் அடங்கியதும் ஷீலா என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, நீங்கதான ஒன்பதாம் லெவல்? உள்ள வாங்க.”

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

“அப்போ குதிரையை யாரு பாத்துப்பா?”

ஃப்ராங்க்ளின் அண்ணன் மிகவும் மரியாதையாக, ஒன்பது லெவல் வாங்க இடிவர்மன் என்னென்ன செய்தான் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன்.

“ரெகுலரா வந்தேண்ணா.”

“புல்லு போட்டே ஒம்பது வாங்கிக்கினாண்ணா இவன்” என்றான் பாபு.

வேறு வழியில்லாமல் உள்ளே போனேன். கையில் ஆயுதம் என்ன என்றார் அண்ணன். பிரஷ் என்றேன். பகடையை உருட்டினேன். இருபது வரை எண் உள்ள பகடையில் ஆகக் குறைந்த ஒன்றுதான் விழுந்தது. இடிவர்மன் வழுக்கி மல்லாக்க விழுந்தான், எலி அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. இரண்டாம் லெவல் வைத்தியச்சி கையிலிருந்த விளக்கால் ஒரே போடு போட்டு எலியைக் கொன்றாள். பிறகு எனக்குக் கட்டும் போட்டாள்.

இனிமேல் செய்ததைப் பார்த்துத்தான் லெவல் என்று ஃப்ராங்க்ளின் அண்ணன் அறிவித்தார். ஷீலாவுக்கு மூன்று, எனக்கு ஒன்று. டேவிட்டின் அப்பா மட்டும் உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார்: “மெமோ குடுக்காம சீனியரை இறக்கக் கூடாதுப்பா, செல்லாது.” எனக்காக வாதாடியவர் அவர் ஒருவர்தான். பாபு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

இந்த வீட்டுப் பக்கமே இனி வரக் கூடாது என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஷீலா கேட்டருகே நின்றாள்.

“குதிரைக்காரரே, அடுத்த வாரம் வருவீங்க இல்ல?”

அவமானத்தில் தலையாட்டிவிட்டு நடந்தேன். ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் உறைத்தது, அவள் ‘அண்ணா’ என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் சர்வீஸ் பார்க்காமல் எனக்குக் கிடைத்த ஒரே ப்ரமோஷன் அதுதான். அடுத்த வாரம் அரைமணி முன்னதாகவே போய்விட்டேன்.

அந்தக் குதிரைக்காரனைத்தான் ஷீலா கட்டிக்கொண்டாள். எங்கே நாலு பேரோடு பேச வேண்டியிருந்தாலும் நான் வண்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நழுவுவேன். “அப்பா குதிரையைப் பாத்துக்கப் போயிட்டார்” என்பாள் மகள். மளிகைக் கடைக்காரர்வரை இந்தக் கதை தெரியும்.

போன மாதம் ஊரப்பாக்கத்தில் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். உள்ளே பேச்சு ஆரம்பித்ததும், வண்டியை நிழலில் போட்டுவிட்டு வருவதாக எழுந்தேன். ஷீலா முறைத்தாள். வெளியே வேப்ப மரத்தடியில், ஏற்கெனவே நிழலில் நின்ற ஸ்கூட்டரை ஒரு மனிதர் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா. என்னைப் பார்த்ததும் நெளிந்தார்.

“உள்ள அவங்க பேசிப்பாங்க. நான் வண்டியைப் பாத்துக்கலாம்னு...”

இன்னொரு துணி இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே ஷீலா கல்யாணத்தைப் பேசி முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் குதிரைகளைப் பார்த்துக்கொண்டோம்.