டோக்கன் அண்ணாத்தே போட்ட இணையதளம்

டோக்கன் அண்ணாத்தேவிடம் டோக்கன் வாங்காமல் எங்கள் நூலகத்துக்குள் நுழைந்தது காற்று ஒன்றுதான். அதுவும் ஜன்னல் வழியாக வந்ததால் தப்பித்தது.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம் எங்களுடையது. அதன் நூலக வாசலில், பைகளை வாங்கி வைத்துக்கொண்டு பித்தளை டோக்கன் கொடுக்கிற கவுன்டரில் அவர் உட்கார்ந்திருப்பார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. ஒருமுறை அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு பையன் தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு, டோக்கனையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிட்டான். மனுஷர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையான்சாவடி வரை துரத்தி, ஷேர் ஆட்டோவை மறித்து டோக்கனை வாங்கி வந்தார். அந்தப் பையன் அதற்கப்புறம் பையே கொண்டுவருவதில்லை.

புதுத் துணைவேந்தர் முதல் நாள் தோல்பையோடு வந்தார். அண்ணாத்தே கையை நீட்டினார். பின்னால் வந்த பதிவாளருக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிட்டது.

"ஏம்ப்பா, இவர் யார்னு தெரியுமா?"

"தெரியும் சார். அதான் பதினேழாம் நம்பரு. ஃபேனுக்கு நேர் கீழ கீற ரேக்கு, சோக்கா காத்து வரும்."

துணைவேந்தர் பையைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொண்டார்.

ஒன்றாம் நம்பர் டோக்கனை மட்டும் அண்ணாத்தே யாருக்கும் கொடுத்ததில்லை. அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டால், "அதுக்கு ஆள் வரணும் மேடம்" என்பார்.

நான் அப்போது ஒப்பந்த உதவி நூலகர். ஒவ்வொரு ஜூனிலும் 'இந்த வருஷம் வைத்துக்கொள்வார்களா' என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது ஜூனுக்கு முன்னால் எங்கள் நூலக இயக்குநர் கூப்பிட்டார். "லைப்ரரி வெப்சைட்டை புதுசா பண்ணுங்கம்மா. வி.சி.க்குப் பிடிச்சா நீங்க பர்மனென்ட். பிடிக்கலைன்னா..." என்று நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

அதற்கு ஒரு குழு போட்டார்கள். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நூலகத் தளம் என்றால் புத்தகம் தேடும் கட்டம் எங்கே வரும் என்றுதானே பேச வேண்டும்? இவர்கள் யார் படம் எங்கே வரும் என்று மூன்று கூட்டம் பேசினார்கள். வேந்தர், இணைவேந்தர், துணைவேந்தர், பதிவாளர், டீன், இயக்குநர் என்று வரிசையாக ஆறு படம். தன் படம் பதிவாளர் படத்தைவிடச் சின்னதாக இருக்கிறது என்று டீன் ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார். கடைசியில் தேடும் கட்டம் எல்லோர் காலடியிலும் போய் ஒண்டிக்கொண்டது.

கணினி பழக்கமே இல்லாத ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று அண்ணாத்தேவைக் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். வேந்தர் படம் வந்ததும் கும்பிட்டார். அடுத்தவருக்கும் கும்பிட்டார். பதிவாளருக்கு மட்டும் கும்பிடவில்லை.

"போன வாரம் பையோட உள்ள பூந்துட்டாரு மேடம். அவுரு கெடக்கட்டும், புக்கு எங்க கீது?"

"இன்னும் கீழே போங்கண்ணா."

"இன்னா மேடம் இது, காதுகுத்து பேனர் மாதிரி கீது! புக்கு தேட வந்தவன் இத்தினி பேருக்கும் வணக்கம் வெச்சி முடிக்கறதுக்குள்ள பரீட்சையே முட்ஞ்சிடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீங்களா இருந்தா எப்படித் தேடித் தருவீங்களாம்?"

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் உள்ளே வந்து திருதிருவென்று விழித்தாள். அண்ணாத்தே நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"எந்த டிப்பார்ட்மென்ட்டும்மா? எத்தினியாவது செமஸ்டரு?"

"சிவில்ணா. மூணாவது."

"மாடில, ஜன்னலாண்ட ரேக்கு, ரெண்டாவது தட்டு. முதுவு கிழிஞ்ச பச்ச அட்டை. அத்த எடுத்துக்கோ."

அவர் அதில் ஒரு பக்கம்கூடப் படித்தவரில்லை. ஆனால் வெளியே போகிற ஒவ்வொரு புத்தகத்தையும் வாசலில் வாங்கிப் பார்த்துத்தான் அனுப்புவார். எந்தப் பரீட்சைக்கு முன்னால் யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

அன்றைக்கே எல்லாவற்றையும் கலைத்தேன். முகப்பில் அண்ணாத்தேவின் இரண்டே கேள்விகள். அதன் கீழே தேடும் கட்டம். பதில் சொன்னால், அந்த வகுப்பு அதிகமாக எடுத்துப் போகிற புத்தகங்கள் எந்த ரேக், எந்தத் தட்டு என்பதோடு வந்து நிற்கும். ஆறு படங்களையும் 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு அனுப்பினேன்.

பார்வையிடும் நாள் வந்தது. துணைவேந்தர் தானாகவே பையைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். பதிவாளரும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க படமெல்லாம் எங்கேம்மா?"

இயக்குநர் என்னைத் தெரியவே தெரியாது என்பதுபோல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். போச்சு, இந்த ஜூனோடு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது வாசலிலிருந்து குரல் வந்தது.

"சார், தப்பா நென்ச்சிக்காதீங்க. உள்ள வரசொல்ல அல்லாரும் பைய வெளிய வெச்சிட்டுதான வறீங்க? போட்டோவும் அப்டிதான் சார். பத்ரமா வெச்சிகினு கீறோம்."

துணைவேந்தர் சட்டைப் பையிலிருந்து பதினேழாம் நம்பரை எடுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு! அவர் சிரித்ததால் பதிவாளரும் சிரித்தார். பதிவாளர் சிரித்ததால் இயக்குநர் அந்த இரண்டடியைத் திரும்ப நடந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்படியே இருக்கட்டும்மா" என்றார் துணைவேந்தர்.

பணி நிரந்தர ஆணை கைக்கு வந்த அன்று, அயனம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து பறந்து வந்தேன். பையோடு உள்ளே ஓடப் பார்த்தவளை அண்ணாத்தே மறித்தார்.

"ஆர்டர் வந்தா இன்னா? பைய வை."

வைத்தேன். அவர் திரும்பி, ஆணியிலிருந்து ஒன்றாம் நம்பரைக் கழற்றி, சட்டையில் துடைத்து என் கையில் வைத்தார்.

"ஆள் வந்தாச்சு, தங்கச்சி."

கவுன்டரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். பின்னால் பையோடு ஒரு வரிசையே நின்றது, எனக்கென்ன வெட்கம்!

சாயங்காலம் பையை வாங்கிக்கொண்டேன், டோக்கனைத் திருப்பித் தரவில்லை. கேட் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அண்ணாத்தேவின் சைக்கிள் அசையாமல் சுவரோரம் நின்றது. அந்த டோக்கன் இன்றும் என் பர்ஸில்தான் இருக்கிறது, அண்ணாத்தே ஒரு நாளும் கேட்டதில்லை.