நூறு வருடத்தில் எழும்பும் நண்டு

கொக்குவிலில் இனி ஒருவரும் சாகமாட்டார்கள். செத்தாலும் அது தற்காலிகம்தான்.

ரயில் கடவைக்குப் பக்கத்து மதில் வீட்டில் ‘மீளெழு சங்கம்’ என்று பலகை ஏறிய நாளிலிருந்து சனத்துக்கு இந்தத் துணிச்சல். சுவிஸிலிருந்து வந்திறங்கிய பேராசிரியர் சுபாஸ் சொல்லிவிட்டார்: செத்த உடம்பைக் குளிர்தாங்கி என்ற உறைகுளிர்த் தொட்டியில் உறையவைத்தால் போதும். நூறு வருடத்தில் வைத்தியம் வளர்ந்துவிடும். அப்போது நோயைத் தீர்த்து, எழுப்பி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் என்று யாரும் கேட்கவில்லை. சித்திரை வெயிலில் கோட்டும் சூட்டும் போட்டிருந்தார். அதைவிடப் பட்டம் வேண்டுமா?

மோட்சத்தை நம்புகிறவர்களும் மறுபிறப்பை நம்புகிறவர்களும் ஒரே வரிசையில் நின்று பெயர் பதிந்தார்கள். இரண்டிலும் அவ்வளவாக நம்பிக்கை இல்லைபோலும்.

சங்கத்தில் எல்லோரும் சமம். ஆனால் கனடாக் காசு உள்ளவருக்குத் தனித்தாங்கி. மற்றவர்களுக்குப் பொதுத்தாங்கி, ஆறு பேருக்கு ஒன்று. அதற்கும் வழியில்லாதவருக்குத் தலை மட்டும். உடம்பை நூறு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பொதுத்தாங்கியில் பக்கத்தில் கிடக்கப்போகிறவர் என்ன ஆட்கள் என்று இரகசியமாக விசாரித்தவர்களும் உண்டு. சாவை வென்றவர்களுக்குச் சாதியை வெல்ல நேரம் கிடைக்கவில்லை.

சங்கத் தலைவர் சோமசேகரம் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். ஒவ்வொரு கூட்டத்திலும் உருகி உருகிப் பேசுவார்.

“நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம். ஒருதர் விலகினாலும் சங்கம் படுத்திடும். பிறகு எல்லாரும் உருகிப்போவம்.”

சொல்லிவிட்டு, தன் தாங்கியை ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் வைக்கும்படி பேராசிரியரின் காதைக் கடிப்பார். கரண்ட் போனால் யாருடைய தாங்கிக்கு முதல் இணைப்பு என்பதில் அந்தக் குடும்பம் ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருந்தது.

குருநகர் செல்வரட்ணமும் இந்தக் குடும்பத்தில் சேர வந்தார். முப்பது வருடம் கடலில் தொழில் செய்தவர். வயிற்றில் ஒரு கட்டி. செவ்வாய்க்கிழமை தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. செய்தால் பிழைக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கத்தி என்றால் மனிதருக்குப் பயம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல், படகை விற்றுப் பொதுத்தாங்கியில் ஓர் இடம் எடுப்பதென்று முடிவுசெய்துவிட்டார்.

“வெட்டுப்பட்டுச் சாகிறதிலும் பாக்க, முழுசாய்ப் படுத்து முழுசாய் எழும்புறன், சிசிலி,” என்றார் மனைவியிடம். “சங்கத்திலை உறைஞ்ச நண்டொண்டு உயிரோடை எழும்பினதை என்ரை கண்ணாலை கண்டனான்.”

அழுதுகொண்டிருந்த சிசிலியா நிமிர்ந்தார். “நண்டோ?”

அவர் குருநகரில் நண்டு ஏற்றுமதிக் கொட்டிலில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு ரெஜிபோம் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணவரோடு கொக்குவிலுக்குப் போனார்.

சங்க மண்டபம் நிறைந்து வழிந்தது. பேராசிரியர் வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் போய், புகை தள்ளும் தட்டோடு வந்தார். அதில் வெண்பனி பூத்த ஒரு நண்டு. விரலால் சுண்டினார். அசையவில்லை. “மூன்று மாதங்களுக்கு முன் உறையவைத்தது!” என்று அறிவித்து, இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் விட்டார். நாலு நிமிடத்தில் ஒரு கால் அசைந்தது. பிறகு மற்றக் கால்களும். ஒரு பக்கம் “அரோகரா!”, மறு பக்கம் “மாதாவே!”

சிசிலியா முன்னுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். நசித்த ஐஸுக்குள் இரண்டு நண்டுகள் விறைத்துக் கிடந்தன. இரண்டையும் அதே சட்டிக்குள் போட்டார். சற்று நேரத்தில் இரண்டும் சட்டி விளிம்பில் ஏறின.

“இது காலமை ஐசிலை போட்டது. குளிருக்கு நண்டு நித்திரையாப் போகும். உப்பிடித்தான் நாங்கள் சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டுறம். செத்து எழும்பின நண்டெண்டு எங்கடை முதலாளி ஒருநாளும் விலை கூட்டினதில்லை.”

பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது.

“அம்மா, உங்கள் நண்டு வேறு, என் நண்டு வேறு,” என்றார் பேராசிரியர். “என்னுடையது விஞ்ஞானம்.”

“நல்லது. அப்ப இதிலை ஒண்டை உங்கடை தாங்கிக்குள்ளை போடுங்கோ. மனிசரைப் போடப்போற அதே தாங்கி. எங்களுக்கு முன்னாலை.”

பேராசிரியர் மறுத்தார். கூட்டம் விடவில்லை. நண்டு தாங்கிக்குள் போனது. ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தபோது கல்லாகியிருந்தது. சட்டியில் விட்டார்கள். பத்து நிமிடம், இருபது, அரை மணி. கால் ஒன்று கழன்று விழுந்தது.

“அது… நூறு வருசம் செல்லும்,” என்றார் பேராசிரியர்.

“ஓம், பொறுத்துத்தானே பாக்கவேணும்!” என்றார் ஒரு தனித்தாங்கிக்காரர். பலர் தலையாட்டினார்கள். ஐயோ, என் சனமே!

“அப்ப உம்மடை நண்டு மட்டும் ஏன் தம்பி நாலு நிமிசத்திலை எழும்பினது?” என்று கேட்டார் சிசிலியா.

பேராசிரியரின் கண் திரைப்பக்கம் போனது. செல்வரட்ணம் எழுந்துபோய்த் திரையை இழுத்தார். பின்னால் சாதாரண மீன்பெட்டி ஒன்று. உள்ளே ஐஸ் தண்ணீரில் நாலு நண்டுகள் நிம்மதியாக நித்திரை.

பின்கதவால் ஓடப்பார்த்த பேராசிரியரைப் பிடித்து இருத்தினார்கள். யாரோ பொலிசுக்கு அழைக்கப் போனார். சோமசேகரம் பதறிப்போய்க் கையை உயர்த்தினார்.

“பொறுங்கோ, பொறுங்கோ! உதை ஒருதரும் வெளியிலை கதைக்காதையுங்கோ. லண்டனிலை என்ரை மச்சான் ஓர் இடம் கேட்டவன். என்ரை தாங்கியை முதல் அவன்ரை தலையிலை கட்டிப்போட்டு…”

அவர் முடிப்பதற்குள் எல்லோரும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு ஃபோன் எடுத்துவிட்டார்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

செல்வரட்ணம் மனைவியின் கையைப் பிடித்தார்.

“பயத்திலை விசராப் போனன், சிசிலி. செவ்வாய்க்கிழமை வெள்ளனப் போவம். நீயும் வாசலிலை நில்.”

“நிக்கிறன். நீங்கள் வாங்கோ.”

சிசிலியா பெட்டியைத் தூக்கிக்கொண்டார். ஃபோனோடு நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“மூளை பழுதாப்போகாமல் இருக்கத்தானே இவ்வளவு பாடும்? பாவிக்காத மூளைக்கு ஐஸ் தேவையில்லை, அது எப்பிடியும் புதிசாத்தான் கிடக்கும். வீட்டை போய் ஒருக்காப் பாவிச்சுப் பாருங்கோ. பழுதாப்போனால் நான் பொறுப்பு.”