அத்தர் குப்பியில் வைட்டமின் ஈ

பேரன்புக்குரிய கலந்தர் மாமாவுக்கு, முத்துப்பேட்டையிலிருந்து மருமகள் அனீஸா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு முகங்கள் தவிர மற்றபடி எல்லோரும் நலம். தங்கள் நலத்தையும் முட்டி வலியையும் பற்றி அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பம் முழுவதும் படித்துவிடும் என்பதால், தோஹாவுக்குத் திரும்பும் ஜாஹித் காக்காவிடம் வடகப் பொட்டலத்தோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தாங்கள் எங்கள் வீட்டு மூத்தவள் சபிஹா ராத்தாவுக்காக அனுப்பிய வைட்டமின் ஈ எண்ணெய் வந்து சேர்ந்தது. இனி அதை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். வெளிநாட்டுச் சாமான் எது வந்தாலும் சொந்தங்களுக்குப் பங்கு வைத்த பிறகுதான் நம் வீட்டில் தொடுவோம் என்பது தங்களுக்குத் தெரியும். உம்மா அலமாரியில் கிடந்த காலி அத்தர் குப்பிகளை எடுத்து, தேனைப் போல் மெதுவாக இறங்கிய அந்த எண்ணெயை நிரப்பினார்கள். ராத்தாவுக்கு ஒன்று; அவளைப் பெண் பார்க்க வரவிருந்த சஃபியா மாமிக்கு மரியாதையாக ஒன்றை முன்னதாகவே கொடுத்தனுப்பினார்கள். நான் புட்டியில் இருந்ததை உரக்கப் படித்தேன். வறண்ட தோலுக்கு நல்லது, முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்க்கவும் என்று போட்டிருந்தது. "வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க. முழங்கையவா காட்டப் போறோம்? மூஞ்சியில தடவச் சொல்லுடி" என்றார்கள் உம்மா.

ராத்தா வியாழன் இரவு தடவிக்கொண்டு படுத்தாள். காலையில் இரண்டு கன்னமும் சிவந்து, பொரிப்பொரியாகத் தடித்திருந்தன. சஃபியா மாமி ஏற்கெனவே ஒரு பெண்ணைக் கழுத்தில் மரு இருந்ததென்று வேண்டாம் என்றவர். அவர் மகன் அப்சரை ராத்தாவுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இது உம்மாவுக்குத் தெரியாது. ராத்தா அழுதாள், அழுததில் இன்னும் சிவந்தது. வரவேண்டாம் என்று சொல்ல உம்மா போன் போட்டால் சஃபியா மாமி எடுக்கவே இல்லை. இதற்கிடையில் வாப்பா ஜும்ஆவுக்குக் கிளம்பும் அவசரத்தில் குப்பியைப் பார்த்து, வாசனையும் வந்ததால், புது வெள்ளைச் சட்டையில் தாராளமாகப் பூசிக்கொண்டு, நெஞ்சில் இரண்டு எண்ணெய்த் திட்டோடு பள்ளிவாசலுக்குப் போய்வந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சஃபியா மாமி வீட்டுக்குள் வந்தும் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். ராத்தாவும் அப்படியே. இருவரும் எதிரெதிரே தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். உம்மா வட்டலப்பம் கொண்டுவந்து வைத்தார்கள். முக்காட்டோடு வட்டலப்பம் சாப்பிட முடியாது. முதலில் விலக்கியது சஃபியா மாமிதான். அதே சிவப்பு, அதே பொரி.

"மாமி, நீங்களுமா?" என்றாள் ராத்தா, தன்னை மறந்து.

"ஆமாம்மா. தடவிட்டுப் படுத்தேன். விடிஞ்சதும் எம்மவன் யாரும்மா நீங்கன்னு கேக்குறான். போன எடுக்கவே வெக்கமா இருந்துச்சு. எங்க, நீ முக்காட்ட எடு பாப்போம்." எடுத்தாள். மாமி வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஒத்துக்காதது இவளுக்கும் ஒத்துக்கல. ஒரே வீட்டுல வச்சுக்கலாம், சம்பந்தி" என்றார். சம்பா அறுப்பு முடிந்ததும் நிக்காஹ்.

ஆகவே மாமா, எண்ணெய் வேண்டாம், தாங்கள் மட்டும் வந்தால் போதும். தங்கள் முட்டிக்காக ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

அன்பு மருமகள்,
அனீஸா, பத்தாம் வகுப்பு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ராத்தாவைத் தஞ்சாவூர் தோல் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார்கள். அவர் சொன்னபடி ராத்தாவுக்குப் புட்டி எண்ணெயை ஒரு முழங்கையிலும் குப்பி எண்ணெயை மறு முழங்கையிலும் தடவிப் பார்த்தோம். குப்பி தடவிய கைதான் சிவந்தது. காரணம், உள்ளே ஒட்டியிருந்த பழைய அத்தர். புட்டியின் அடியில் மிஞ்சியதைத் தடவிய வாப்பாவின் குதிகால் வெடிப்போ மென்மையாகிவிட்டது. எனவே மேலே எழுதியதை விட்டுவிட்டு, சஃபியா மாமிக்கும் சேர்த்து இரண்டு புட்டி அனுப்பவும். பங்கு வைக்கக் குப்பி பற்றாதாம். அங்கே காலி அத்தர் குப்பி இருந்தால் அதையும் அனுப்பச் சொல்கிறார்கள் உம்மா.