என் நீளத்துக்கு ஒரு குழி

லோன்கிமாய்,
ஆகஸ்ட் 9, வெள்ளி மத்தியானம்

மதிப்புக்குரிய எலியாசார் மாமாவுக்கு, மருமகள் ஒதீலியா பணிவோடு எழுதுவது. இந்த ஆகஸ்ட் குளிர்காலத்தில் இங்கே பனி அமோகம். நானும் இந்த நிமிடம் வரை சுகம். நாளை மத்தியானத்துக்குப் பிறகு எப்படி என்று உறுதி சொல்ல முடியவில்லை. நோல்ஃபா அத்தையின் முழங்கால் தேவலையா?

நாளைக் காலை ஏழு மணிக்கு உங்கள் விறகு லாரியோடு பேக்கரி முக்குக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். இங்கே போனில் சிக்னல் கிடைக்காததால் பால் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாளை மலைக்கு அந்தப்பக்கம் பனிச்சரிவு மீட்புப் பயிற்சி. மலைக்காவல் குழுவில் ஒரே ஒரு இடம்தான் காலி. நாளை சரியாகச் செய்தால் அது எனக்கு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு வேலை கிடைக்கப் போகிறது என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள், தெரியும். ஆனால் மாமா, இவர்கள் என்னைப் பனியில் புதைக்கப் போகிறார்கள்.

திங்கட்கிழமை குழுத்தலைவர் பால்தோவினோ என் உயரத்தைக் கேட்டார், எடையையும் கேட்டார். செவ்வாயன்று ரத்த வகையைக் கேட்டுவிட்டு, வீட்டில் யாருக்குத் தகவல் சொல்வது என்றார். என்ன தகவல் என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போய்விட்டது. இங்கே எதைக் கேட்டாலும், படித்த பெண்ணுக்குத் தெரியாததா என்று சிரிக்கிறார்கள். நான் படித்த புவியியலில் இது எந்தப் பருவத்துப் பாடம் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் பேசாமல் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். புதனன்று என் கையுறையில் ஒன்றைக் காணோம். தேடிப் போனால், நாயைப் பழக்கும் யஸ்னா அதைத் தேடுநாய் த்ரூஃபாவின் மூக்கில் தேய்த்துக்கொண்டே, "நல்லா மோந்துக்கோடி, இவதான்" என்கிறாள். பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்க நெஞ்சில் கட்டிக்கொள்ளும் சமிக்ஞைக் கருவிக்கு எல்லாருக்கும் பால்தோவினோவே புது பேட்டரி போட்டுக் கொடுத்தார், என்னிடம் மட்டும் நீயே போட்டுக்கொள் என்று நீட்டினார். ஏனாம்? பதினோரு தடவை சோதித்துவிட்டேன், பன்னிரண்டாவது தடவையும் வேலை செய்கிறது, அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கு. நேத்து கொடி நடப் போனப்போ சரிவில் ஆள் நீளத்துக்கு ஒரு குழி. அதுக்குள்ளே ஆளைப் படுக்கவைத்து மேலே பனியைப் போட்டு மூடிவிடுவார்களாம், கண்டுபிடிக்கிறவரை அசையக்கூடாதாம். யஸ்னா மண்வெட்டியோடு நின்று, "உயரம் ஜாஸ்தி, கால் மடங்கும். இன்னும் ஒரு முழம் வெட்டணும்" என்றாள். பால்தோவினோ திரும்பி என்னைப் பார்த்தார் மாமா. இன்னிக்கு மத்தியானம் என் தட்டில் மட்டும் மூணு சோபைப்பில்லா ரொட்டி கூடுதலா விழுந்தது. காரணமில்லாம யாராவது பொரிச்சதை எடுத்து அடுத்தவங்க தட்டில் போடுவாங்களா?

வேலை போனால் போகட்டும். வேறு வேலை தேடிக்கொள்ளலாம், வேறு மருமகளுக்கு நீங்கள் எங்கே போவீர்கள்?

அத்தைக்கும் மாடுகளுக்கும் என் அன்பு. மாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும், நாளைக்கு ஒருநாள் மட்டும் என் பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒதீலியா

பி.கு.: பால் வண்டி இன்னும் வரவில்லை, உறையைப் பிரித்து எழுதுகிறேன். யஸ்னா ஒரு சிவப்புச் சட்டையோடு வந்தாள். குழுவின் சட்டை, என் அளவுக்குத் தைத்தது. போட்டதும் அதுவே என் வாயைத் திறந்துவிட்டது போல, குழி யாருக்கு என்று கேட்டேவிட்டேன்.

"யாருக்கா? பால்தோவினோவுக்குத்தான். புதுசா வர்றவ தேடுற முதல் ஆள் தலைவர்தான்டி. அப்பதானே சொல்லிக்கொடுக்கிறவர் ஒழுங்கா சொல்லிக்கொடுப்பார்?"

தேடப்போவது நான், என்னோடு த்ரூஃபா. அதற்குத்தான் என் வாசனையைப் பழக்கியிருக்கிறார்கள். தேடுகிறவள்தான் தன் கருவிக்குப் பேட்டரி போடணுமாம், பிறகு யார்மேலும் பழி சொல்ல முடியாதாம்.

ஆகவே லாரி வேண்டாம், மாமா. பால்தோவினோ இப்போதுதான் வந்து, சொல்லிக்கொடுத்ததெல்லாம் புரிந்ததா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். நான் வழக்கம்போலத் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகச் சரிவில் ஏறிப் போனார். குழியின் காற்றுத்துளையை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கப் போகிறாராம்.