சொல்தாவைக் கூட்டிப் போக வராதீர்கள்

கதிர்காமம், புதுச்சேரி
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் கமலக்கண்ணன் அவர்களின் சமூகத்திற்கு, கதிர்காமம் பலராமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை செல்வாம்பாளும் பதினாறு கோழிகளும் சுகம். சேவல் ஓரளவு சுகம். பாகூர்ப் பக்கம் அறுத்த வயல்களில் திரியும் தங்களுக்கும் தங்கள் நானூறு வாத்துகளுக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டுகிறேன்.

பொருள்: தாங்கள் கொடுத்த நாய்க்குட்டியை ஞாயிற்றுக்கிழமை வந்து திரும்ப ஓட்டிக்கொண்டு போகும்படி உங்கள் தங்கை போனில் சொன்னது. அதற்கு என் மறுப்பு.

போனிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். நம் வீட்டில் போனில் பேசினால் அது உங்கள் தங்கையிடம் பேசியதாகத்தான் கணக்கு. அதுவுமில்லாமல் முப்பத்திரண்டு வருடம் அரசாங்க ஆபீசில் குறிப்பு எழுதிய கை இது, எழுதினால்தான் எனக்கு நியாயம் வரும். அவள் சொன்ன குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று, "சொன்ன பேச்சு கேக்காத நாய்" என்பது. அது பொய் என்று இந்தக் கடிதத்தில் நிரூபிக்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

பக்கத்துக் காலி மனையில் குடியிருக்கும் கீரி ஒரே மாதத்தில் ஏழு குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனதும், அவள் உங்களிடம் அழுததும், "வாத்துப் பட்டியிலயே பொறந்த குட்டி, காவல் அதுக்கு ரத்தத்துலயே இருக்கு" என்று நீங்கள் இவனைக் கொடுத்ததும் தங்களுக்கே தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நம் ஊரில் சொல்வதுபோல் சொல்தா என்று பேர் வைத்தேன். வந்த முதல் வாரம் முழுக்கத் தூங்கினான். "சொல்தான்னு பேரு வச்சாலும் வச்சீங்க, வேலைக்கே சேராம பென்ஷன் வாங்குது" என்றாள் உங்கள் தங்கை.

எட்டாவது நாள் வேலைக்குச் சேர்ந்தான். விடிந்ததும் கூண்டைத் திறந்தேன். வாத்தும் கோழியும் ஒன்று என்று நினைத்துவிட்டான் பிள்ளை! உங்கள் பட்டியில் பறவைகளை விடியற்காலையில் தண்ணீரில் இறக்குவதைத்தானே பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறான்? ஒன்றைக்கூடக் கடிக்காமல், பின்னாலேயே போய் மூக்கால் தள்ளித் தள்ளி, பதினாறையும் காலி மனையில் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இறக்கிவிட்டு, கரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்து வாலை ஆட்டினான். நானும் உங்கள் தங்கையும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கோழி பொறுக்கினோம். பக்கத்து வீட்டு கனீஸ் பாத்திமா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, கோழிக்கெல்லாம் தலைக்கு ஊத்திட்டீங்களா, தீபாவளி வந்துடுச்சா?" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான் மச்சான். மூன்று மாதக் குட்டி, பதினாறு உருப்படி, ஒன்று சிதறவில்லை. நம்மால் முடியுமா சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் முறையாகப் பயிற்சி ஆரம்பித்தேன். கூண்டுக்குப் பக்கத்திலேயே கம்பிவலை அடித்து அவனை அதற்குள் விட்டேன், இரண்டு தரப்பும் பார்த்துப் பழகட்டும் என்று. கோழிகள் வலை வழியாக அவன் மூக்கைக் கொத்திப் பழகின. பிறகு காலையும் மாலையும் என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் அவனைக் கட்டி, கோழிகளுக்கு நடுவே நடப்பேன். கோழியை முறைத்தால் ஒரு அதட்டல், முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரு துண்டு டீக்கடைப் பொறை ரொட்டி. பத்தே நாளில் பையன் கணக்கைப் பிடித்துக்கொண்டான். வேண்டுமென்றே ஒரு கோழியை முறைப்பான், பிறகு சாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையைப் பார்ப்பான். ஒரு நடைக்கு முழுப் பொறையும் காலி. இப்படி ஒரு மூளையை நான் ஆபீசில் ஒரே ஒரு ஆளிடம்தான் பார்த்திருக்கிறேன், அவர் டைரக்டராக ஓய்வு பெற்றார்.

சேவல் விஷயத்துக்கு வருகிறேன். ஆறாம் மாதத்தில் இவனுக்கு வயசுக் கோளாறு வந்து, விளையாட்டுக்குத் துரத்தி, சேவலின் வாலை மொத்தமாகப் பிடுங்கிவிட்டான். காயம் எதுவும் இல்லை, கௌரவம்தான் போயிற்று. ஒரு மாதம் சேவல் கூவவேயில்லை. அந்தக் கோபம் ஆறாமல்தான் இப்போது உங்களுக்குப் போன் போட்டிருக்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லியிருக்க மாட்டாள். நான் அன்றிலிருந்து ஒரு மாதம் அவனைக் கயிறில்லாமல் விடவில்லை. ஓட நினைத்தால் "உக்காரு", வந்தால் பொறை, மறுபடியும் நடை, மறுபடியும் "உக்காரு". என் முட்டி தேய்ந்ததே தவிர நான் விடவில்லை. இப்போது அவனுக்கு எட்டு மாத வயது. சேவல் அவன் முதுகில் ஏறி நின்று கூவுகிறது. பருந்தின் நிழல் தரையில் விழுந்தால் போதும், இவன் குரல் கொடுப்பான், கோழிகள் எல்லாம் முருங்கைமரத்துக்குக் கீழே ஓடிவிடும். கரண்டுக் கம்பியில் மாட்டிய காற்றாடியைப் பார்த்தும் மூன்று நாள் குரைத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இவன் காவலுக்கு நின்றதிலிருந்து கீரி ஒரு குஞ்சின் இறகைக்கூடத் தொடவில்லை. உக்காரு என்றால் உட்காருகிறான், வா என்றால் வருகிறான், நகரு என்றால் நகருகிறான். சொன்ன பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது.

ஒன்று மனசைத் திறந்து சொல்கிறேன், சிரிக்காதீர்கள். முப்பத்திரண்டு வருட சர்வீசில் எனக்குக் கீழே ஒருத்தர்கூட வேலை பார்த்ததில்லை. நான் சொல்லி ஒரு நாற்காலிகூட நகர்ந்ததில்லை. இப்போதுதான் ஒருவன் என் முகத்தைப் பார்த்து எழுந்திருக்கிறான், என் முகத்தைப் பார்த்து உட்காருகிறான். அவனைக் கொண்டுபோய்விட்டால் எனக்குத் தாங்காது மச்சான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஏதாவது காரணம் சொல்லி, வாத்துக்குக் கழிச்சல் என்றாவது சொல்லி, வராமல் இருந்துவிடும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டம்மா அவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் வாத்துகள் ஆளுக்கொரு முட்டை தவறாமல் இடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பலராமன்

பி.கு.: இன்று சனிக்கிழமை சாயங்காலம். மேற்படி கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். கவரைக் கிழித்து, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ஆனால் அதில் எழுதியதை நம்ப வேண்டாம்.

நாளைக்கு அண்ணன் வருகிறான், வெறும் சாம்பாரா ஊற்றுவது என்று உங்கள் தங்கை, முட்டை நின்றுபோன கோழி ஒன்றைப் பிடிக்கக் கூண்டுக்குள் போனாள். பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினால், வாசலை அடைத்துக்கொண்டு சொல்தா படுத்திருக்கிறான். குரைக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. "நவுருடா" என்றாள். நகரவில்லை. தாண்டப் பார்த்தாள், எழுந்து நின்றான். நான் போய் "வா" என்றேன், வரவில்லை. "உக்காரு" என்றேன், நின்றான். பொறையைக் காட்டினேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. கோழியையே பார்த்துக்கொண்டு அழுகிற குரலில் முனகினான். கால் மணி நேரம் அப்படியே நின்றாள் அவள். பிறகு கோழியைக் கீழே விட்டாள். அது ஓடியதும் இவன் வழியை விட்டு, அவள் கையை நக்கிக் கொடுத்தான்.

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நம்ம கையில இருந்தே காப்பாத்துதுங்க, இதப்போய் அனுப்பச் சொன்னேனே" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சொல்தா எங்கும் வர மாட்டான் என்று உங்களுக்கு எழுதச் சொன்னதும் அவள்தான்.

ஆகவே சொன்ன பேச்சு கேட்பான் என்று நான் எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். இவன் யார் பேச்சையும் கேட்பதில்லை. நாளைக்கு அவசியம் வாருங்கள். சாப்பாட்டுக்கு ஒரு வாத்தை வீட்டம்மா கையால் குழம்பாகவே வைத்துத் தூக்குவாளியில் எடுத்து வாருங்கள். உயிரோடு மட்டும் கொண்டு வந்துவிடாதீர்கள்.